எலியும் தெள்ளும் ஆய்வுகூடமும்: கொள்ளைநோய் ஆராய்ச்சியில் கொழும்பின் பங்கு

கொழும்புச் செட்டியார் தெருவின் வழியே ஆடிவேல் இரதம் புறப்படுங் காட்சியைக் கண்டு மகிழாத தமிழர் இந்நகரில் இலர் எனலாம். அத்தெருவும் அதனையடுத்த புறக்கோட்டையும் நெடுங்காலமாக வணிகத்தின் இருப்பிடங்கள். கடல் கடந்து வந்த அரிசி மூடைகள் இங்குள்ள கிடங்குகளில் அடுக்கப்பட்டு, இங்கிருந்தே நாடெங்குஞ் சென்றன. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வணிகப் பகுதியில் எலிகள் மடிந்தன. எலிகளைத் தொடர்ந்து மனிதரும் மடிந்தனர். இலங்கையிற் பிளேக்கு எனப்படும் கொள்ளைநோய் காலூன்றிய வரலாறு இவ்வாறு தொடங்குகிறது.

இக்கட்டுரையை எழுதும் யான் வைத்தியனல்லன், விஞ்ஞானப் பட்டதாரியுமல்லன். பாடசாலையில் மாணவர்க்குப் புவியியலும் வரலாறுங் கற்பிப்பவன். ஆயினும், ஒரு கூற்று உண்மையா பொய்யா என்பதை மனிதன் எவ்வாறு அறிகிறான் என்னும் வினா எல்லாத் துறையினர்க்கும் உரியது. எலியையுஞ் சுண்டெலியையும் கினிப்பன்றியையுங் கொண்டு தெள்ளினாற் பரவும் நோய்களை ஆராய்ந்த வரலாறு அவ்வினாவுக்குச் சிறந்ததொரு விடையாக அமைகின்றது. அவ்வரலாற்றிற் கொழும்பு மாநகருக்கு ஓர் இடமுண்டு என்பதை நம்மவரிற் பலர் அறியார். அதனை எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

முதலில் நோயின் இயல்பை நோக்குவாம். பிளேக்கு ஒரு பற்றீரியாவினால் உண்டாவது. 1894இல் ஹொங்கொங்கில் அந்நோய் பரவியபோது அலெக்சாந்தர் யேர்சன் என்னும் அறிஞர் அக்கிருமியைக் கண்டறிந்தார். இன்று அது அவர் பெயராலேயே 'யேர்சீனியா பெஸ்ரிஸ்' என வழங்குகின்றது. கிருமி உடலிற் புகுந்ததும் தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும், கடுங்காய்ச்சல் காயும், சிகிச்சை இன்றேல் நோயுற்றோரிற் பெரும்பாலோர் சின்னாட்களில் இறப்பர். 1896இல் இந்நோய் பம்பாயை அடைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை அது கொள்ளைகொண்டது.

கிருமி இன்னதென்பது 1894இலேயே தெரிந்துவிட்டது. ஆயின் அது ஓருடலினின்று மற்றோருடலுக்கு எவ்வழியாற் செல்கின்றது? காற்றாலா, மண்ணாலா, உணவாலா, நோயாளியின் ஆடையாலா? இவ்வினாவிற்கு விடை தெரியாமையால் விளைந்த துன்பங்கள் பல. வழி தெரியாத அரசினர் மனிதர்மீதே ஐயுற்றனர். பம்பாயிலும் பூனாவிலும் படைவீரர் வீடு வீடாய்ப் புகுந்து சோதித்தனர். பெண்டிரும் முதியோரும் அவமதிக்கப்பட்டதாக மக்கள் கொதித்தனர். 1897ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பூனாவின் பிளேக்கு அதிகாரி றாண்ட் என்பவர் சுடப்பட்டுப் பின்னர் மாண்டது அக்கொதிப்பின் விளைவேயாம். காரணத்தை அறியாத அதிகாரம் குற்றமற்றோரை வருத்தும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையிலேதான் எலி ஆய்வுகூடத்தினுட் புகுகின்றது. பாஸ்ரர் நிலையத்தைச் சேர்ந்த போல் லூயி சீமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1898ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் நாள் கராச்சியில் ஓர் எளிய பரிசோதனையைச் செய்தார். அகன்ற கண்ணாடிச் சாடி ஒன்றின் அடியில் மணலைப் பரப்பி, நோயால் இறக்குந் தறுவாயிலிருந்த எலியொன்றை அதனுள் விட்டார். அவ்வெலியின் உடலிலே தெள்ளுகள் மொய்த்திருந்தன. அது இறக்கும் நிலையை அடைந்ததும் நலமுள்ள வேறோர் எலியைக் கம்பிவலைக் கூட்டில் அடைத்து அதே சாடியினுள் தொங்கவிட்டார். இரண்டாம் எலி முதலெலியைத் தீண்டவும் இயலாது. மணலைத் தொடவும் இயலாது. நோயுற்ற எலி இறந்தது. உடல் குளிர்ந்தபின் தெள்ளுகள் அதனை நீங்கின. சின்னாட்களில் கூட்டிலிருந்த எலியும் நெறிகட்டி மாண்டது. அதன் உடலிற் பிளேக்குக் கிருமி நிறைந்திருந்தது. தீண்டாமலே நோய் சென்ற வழி யாது? தாவிச் சென்ற தெள்ளேயன்றி வேறொன்றுமில்லை.

இத்துணைத் தெளிவான முடிபை உலகம் உடனே ஏற்றதா? இல்லை. ஏளனஞ் செய்தோரே பலர். ஓர் எலியைக்கொண்டு செய்த ஒரு சோதனை ஓர் உண்மையைச் சுட்டலாம். அதனை நிலைநாட்டுவதற்குப் பன்முறை திருப்பிச் செய்தலும், மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாய் விலக்குதலும் வேண்டும். அப்பணி பம்பாயிற் பின்னர் நிகழ்ந்தது.

பம்பாயிற் பணிபுரிந்த லிஸ்ரன் என்னும் வைத்தியர், அந்நகரத்து விலங்குக் காட்சிச்சாலையிலே கினிப்பன்றிகள் சில பிளேக்கினால் இறந்தமையையும் அவற்றின் உடலில் எலித்தெள்ளுகள் காணப்பட்டமையையும் கவனித்தார். எலிகள் மடிந்தபின் உணவின்றித் தவிக்கும் தெள்ளுகள் கிடைத்த உடலிற் பாய்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று. 1905இல் அமைக்கப்பட்ட பிளேக்கு ஆராய்ச்சிக் குழுவினர் இக்கருத்தைப் பரேலிலிருந்த ஆய்வுகூடத்திற் பலவாறு சோதித்தனர். சிறு குடில்களை அமைத்து அவற்றுட் கினிப்பன்றிகளை விட்டனர். தெள்ளுகள் அற்ற இடத்தில் நோயுற்ற கினிப்பன்றியும் நலமுள்ள கினிப்பன்றியும் ஒன்றாய் உண்டு உறங்கிய போதிலும் நோய் பரவவில்லை. தெள்ளுகள் மலிந்த இடத்திலோ நோய் விரைந்து பரவிற்று. பின்னர் கூடுகளை வெவ்வேறு உயரங்களில் வைத்தனர். நிலத்தினின்றும் 2 அங்குல உயரத்தில் வைத்த பிராணி நோயுற்றது. 2 அடி உயரத்திற் தொங்கவிட்ட பிராணி தப்பியது. காற்றினாற் பரவும் நோயாயின் 2 அடி உயரம் காவலாக அமையுமா? தெள்ளின் தாவலுக்கு எட்டாத உயரமே அப்பிராணியைக் காத்தது என்க.

மாணவர் இங்கு ஒன்றைக் கருத்திலிருத்துதல் நன்று. 'பிராணி மாதிரி' என விஞ்ஞானிகள் கூறுவது மனிதனுக்குப் பதிலாக நின்று வினாவுக்கு விடை பகரும் உயிரையாகும். அம்மாதிரியின் பயன் அது மனிதனைப் போன்றிருப்பதில் மாத்திரம் தங்கியதன்று. ஒரே ஒரு நிபந்தனையை மாற்றி ஏனையவற்றை மாற்றாது வைத்துக்கொள்ள இடந்தருவதே அதன் பெரும்பயன். ஒரு வீட்டிலே காற்று, மண், உணவு, ஆடை, எலி, தெள்ளு யாவும் ஒருங்கே உள. அவற்றைப் பிரித்தறிய அங்கு வழியில்லை. கூட்டினை 2 அங்குலத்தினின்று 2 அடிக்கு உயர்த்துதல் ஆய்வுகூடத்திற்கே இயலும்.

தெள்ளு எவ்வாறு நோயைப் புகுத்துகின்றது என்பதை 1914இல் இலண்டன் லிஸ்ரர் நிலையத்தில் பாக்கொற், மாட்டின் என்னும் இருவர் விளக்கினர். பாக்கொற் பல்லாண்டு எழுதுவினைஞராய்த் தொழில் புரிந்து, ஓய்வு நேரத்திற் பூச்சிகளைப் பயின்றவர். அறிவுத்துறை ஒன்றில் நுழைவதற்கு ஆர்வமும் பொறுமையுமே முதற் தகுதிகள் என்பதற்கு அவர் வாழ்க்கை எடுத்துக்காட்டாம். அவர்கள் கண்டது இது: நோயுற்ற எலியின் குருதியுடன் தெள்ளின் வயிற்றுட் சென்ற கிருமிகள் பெருகி, அதன் இரைப்பையின் வாயிலை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட தெள்ளு எவ்வளவு உறிஞ்சினும் குருதி உள்ளே செல்லாது. பசி தாளாது மீண்டும் மீண்டுங் கடிக்கும். உறிஞ்சிய குருதி அடைப்பில் மோதிக் கிருமிகளுடன் கடிவாயினுள்ளே திரும்பப் பாயும். தெள்ளின் பசியே நோயின் வாகனமாகின்றது.

இனிக் கொழும்புக்கு வருவாம். 1914இல் இங்கு நோய் தோன்றியபோது மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராய் விளங்கியவர் லெனாட் பேபியன் ஹேர்ஸ்ற் என்பவர். அவரை ஒரு புதிர் ஈர்த்தது. கொழும்பு முழுவதும் எலிகள் உள. அவ்வெலிகள்மேல் தெள்ளுகளும் உள. அங்ஙனமாயின் நோய் நகரெங்கும் பரவாது தானியக் கிடங்குகள் செறிந்த பகுதிகளையே பற்றி நிற்பது ஏன்? ஏனைய நகரங்கள் பெரும்பாலுந் தப்பியது ஏன்? பம்பாயையும் பஞ்சாபையும் பாழாக்கிய நோய் சென்னையை அத்துணை வாட்டாமை ஏன்?

அவர் தெள்ளுகளை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துத் தரம் பிரித்தார். அக்காலத்து அறிஞர் பலர் 'எலித்தெள்ளு' என ஒரே பெயராற் குறித்தவை உண்மையில் ஒரே இனத்தவையல்ல. 'செனொப்சில்லா கியோப்பிஸ்', 'செனொப்சில்லா அஸ்தியா' எனத் தோற்றத்தில் மிகவும் ஒத்த இரண்டு இனங்கள் இருந்தன. கொழும்பின் பெரும்பகுதியில் எலிகளிடத்து மலிந்திருந்தது அஸ்தியா. நோய் நிலைகொண்ட கிடங்குப் பகுதிகளிலே கியோப்பிஸ் காணப்பட்டது. ஆகவே, கியோப்பிஸ் இனமே கொடிய நோய்காவி, அஸ்தியா அத்துணை ஆற்றலுடையதன்று என ஹேர்ஸ்ற் கருதினார். கருத்து எழுந்தால் மாத்திரம் போதாது, சோதித்தல் வேண்டும். கொழும்பு ஆய்வுகூடத்திற் பிராணிகளைக் கொண்டு இருவகைத் தெள்ளுகளையும் ஒப்பிட்டுச் சோதித்தார். கியோப்பிஸ் நோயைக் கடத்துவதில் வல்லதென்பதும், அஸ்தியா அதில் மிகவும் பின்தங்கியதென்பதும் தெளிவாயின. இந்தியாவில் கிறாக் என்பவர் நடத்திய தெள்ளுக் கணிப்பும் இக்கருத்துக்கு அரண் செய்தது. பிளேக்கு மிக்க மாகாணங்களிற் கியோப்பிஸ் மிகுந்தும், சென்னைப் பகுதியில் அஸ்தியா மிகுந்தும் காணப்பட்டன. 1953இல் ஒக்ஸ்போட்டில் வெளியான 'பிளேக்கை வென்றமை' பற்றிய ஹேர்ஸ்றின் பெருநூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகின்றது.

இதனால் விளைந்த பயன் என்ன? கியோப்பிஸ் தெள்ளின் புழுக்கள் தானியத் தூசியில் வளர வல்லன. மூடைகளோடு எலியின்றியுந் தெள்ளு பயணஞ் செய்யலாம். ஆகவே காவல் செய்ய வேண்டியது சரக்கையும் கிடங்கையுமே என்பதற்கு வலுவான நியாயம் கிடைத்தது. இதன் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தென்னிந்தியாவினின்று தோட்டங்களுக்கு வந்த ஏழைத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்து நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்ட காலம் அது. நோய் என்றவுடன் ஏழையின் உடலையும் துணிமூட்டையையும் ஐயுறுவது அதிகாரத்தின் வழக்கம். ஒரு தெள்ளின் உடலமைப்பை ஊன்றிப் பார்த்த ஆராய்ச்சியோ அரிசி மூடையைச் சுட்டிக்காட்டியது. விஞ்ஞானத்தின் நுண்மை சிலவேளை நீதியின் பக்கத்தில் நிற்கும் என்பதற்கு இது சான்றன்றோ!

பிராணி மாதிரிகளுக்குக் குறைபாடுகளும் உள. அவற்றைக் கூறாது விடுதல் முறையன்று. பம்பாய்க் குழுவினர் பல நகரத்து எலிகளுக்குக் கிருமியை ஊட்டிச் சோதித்தபோது ஒரு விந்தையைக் கண்டனர். பிளேக்கு நெடுநாள் நிலவிய பம்பாயின் எலிகளிற் பல பிழைத்தன. நோயை அதிகம் அறியாத சென்னை எலிகளோ ஏறக்குறைய யாவும் மடிந்தன. தலைமுறை தலைமுறையாக நோயால் மெலிந்தவை அழிய, தாங்க வல்லவை எஞ்சின. ஆகவே 'எலி' என்று பொதுப்படக் கூறி முடிவு செய்தல் தவறு. எந்நகரத்து எலி, எவ்வின எலி என வினவ வேண்டும். இக்காரணம் பற்றியே பின்வந்தோர் ஒரே சீராக வளர்க்கப்பட்ட பிராணிகளை நாடினர். பம்பாய் ஹவ்கின் நிலையத்தின் பணிப்பாளராய் விளங்கிய சாகிப் சிங் சோக்கே, சீராக வளர்த்த வெள்ளைச் சுண்டெலிகளைக் கொண்டு தடுப்புமருந்தின் ஆற்றலை அளவிடும் முறைகளை வகுத்தார்.

இன்னொரு குறைபாடு ஊசியினால் வருவது. ஆய்வாளர் கிருமியை ஊசிமூலம் ஏற்றினால் அது இயற்கை நிகழ்ச்சியை முற்றாக ஒத்ததாகாது. தெள்ளின் உடல் குளிர்ந்தது. எலியின் உடல் ஏறத்தாழ 37 பாகை வெப்பமுடையது. தெள்ளினுள் வாழுங் கிருமிக்கு, வெள்ளணுக்களினின்று தன்னைக் காக்கும் உறை இல்லை. வெப்பமான உடலிற் புகுந்து சில மணி நேரஞ் சென்றபின்னரே அவ்வுறை தோன்றும். ஆதலால் வெப்பத்தில் வளர்த்த கிருமியை ஊசியால் ஏற்றுவது போர்க்கவசம் பூண்ட பகைவனை நேரே கோட்டைக்குள் விடுதல் போலாம். இக்குறையை நீக்க, அமெரிக்காவின் மொன்றானாவிலுள்ள றொக்கி மலை ஆய்வுகூடத்தினர் தெள்ளுகளுக்குத் தோற்படலத்தினூடாகக் கிருமி கலந்த குருதியை ஊட்டி, பின்னர் அத்தெள்ளுகளையே சுண்டெலிகளைக் கடிக்கச் செய்யும் முறையைக் கையாண்டனர். குறித்த சில மரபணுக்கள் இல்லாத கிருமியால் தெள்ளின் இரைப்பையை அடைக்க இயலாதென 1996இலும், குறித்த ஒரு நொதியம் இல்லாத கிருமி தெள்ளின் வயிற்றில் வாழவே மாட்டாதென 2002இலும் அவர்கள் வெளியிட்டனர். முன்னர் வயிற்றுநோயை மாத்திரம் உண்டாக்கிய ஒரு கிருமியின் வழித்தோன்றல், சில மாற்றங்களால் உலகை நடுக்கிய கொள்ளைநோயாய் மாறிய வரலாறு இவற்றால் விளங்கலாயிற்று.

பிளேக்கு ஒன்றே தெள்ளினாற் பரவுவதன்று. 'எலித் தைபசு' என்னும் காய்ச்சலும் அத்தகையதே. இது றிக்கெற்சியா இனக் கிருமியால் வருவது. 1926இல் மக்சி என்னும் அமெரிக்கர் நோயாளரின் தொழிலிடங்களை வரைபடத்திற் குறித்தார். நோயாளர் பலசரக்குக் கடைகளையும் உணவுக் கிடங்குகளையுஞ் சூழ்ந்திருந்தமை புலனாயிற்று. எலியும் அதன் ஒட்டுண்ணியும் காரணமாகலாம் என அவர் ஊகித்தார். 1931இல் டையர் முதலியோர் பால்ற்றிமோர் நகர எலித்தெள்ளுகளினின்று அக்கிருமியைக் கினிப்பன்றிகளின் துணைகொண்டு பிரித்தெடுத்து அவ்வூகம் மெய்யென நிறுவினர். இங்கும் கிடங்கும் எலியுந் தெள்ளுமே! ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. பிளேக்கில் எலி இறந்து நம்மை எச்சரிக்கும்; தைபசிலோ எலி நலமாகவே ஓடித்திரியும். கிருமி தெள்ளின் எச்சத்திலிருந்து, நாம் சொறியும்போது தோலினுட் புகும். எச்சரிக்கை இல்லாமையால் நோய் பலவேளைகளில் இனங்காணப்படாது போகும். இலங்கையில் இன்றும் றிக்கெற்சியாக் காய்ச்சல்கள் உள. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தினர் அவற்றை ஆராய்ந்து வருகின்றனர். காலத்தில் இனங்கண்டால் டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தால் எளிதிற் குணப்படுத்தலாம் என்பது ஆறுதலுக்குரியது.

இனி ஒரு வினா எஞ்சியுள்ளது. அதனை ஓர் இந்துக் கல்லூரியின் மலரிற் தவிர்க்க முடியாது. கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட மரபினர் நாம். விநாயகப் பெருமானின் திருவடியில் மூஞ்சூறு வீற்றிருக்கக் கண்டு வணங்குபவர். எண்ணிறந்த எலிகளையுங் கினிப்பன்றிகளையும் நோய்க்கு இரையாக்கிப் பெற்ற அறிவை நாம் எவ்வாறு ஏற்பது? வகுப்பிலே மாணவன் ஒருவன் இதனைக் கேட்டால் மழுப்பிவிடல் ஆகாது. அவ்வுயிர்கள் துன்புற்றன என்பது உண்மை. அவ்வறிவினால் எண்ணிறந்த மக்களும், குறிப்பாக ஏழை மக்களும், பிழைத்தனர் என்பதும் உண்மை. ஓர் உண்மையைக் கொண்டு மற்றையதை மறைத்தல் நேர்மையன்று. 1959இல் றசல், பேச் என்னும் ஆங்கிலேயர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். பிராணியின்றி இயலுமாயின் அவ்வழியையே கொள்க. இயலாதாயின் பிராணிகளின் தொகையைக் குறைக்க. அவற்றின் துன்பத்தையுந் தணிக்க என்பன அவை. இன்று உலகின் ஆய்வுகூடங்கள் பல இவற்றை விதியாக ஏற்றுள்ளன. எமது மரபின் அருளுணர்வும் விஞ்ஞானத்தின் ஒழுங்கும் கைகோக்கும் இடம் இதுவென்பது எம் கருத்து. ஒரு பிராணியின் உயிரைச் செலவிட்டுப் பெற்ற அறிவைப் புறக்கணித்தல் அவ்வுயிரை வீணே இருமுறை கொல்லுதலாகும்.

அவ்வறிவு நமக்கு விதிப்பது யாது? வீட்டிலோ கடையிலோ எலிகள் காரணமின்றி மடியக் கண்டால் அதனை ஊழென்றெண்ணி வாளா இருத்தலாகாது. வெறுங் கையால் எடுத்தெறிதலும் ஆகாது. சுகாதாரப் பகுதியினர்க்கு அறிவித்தல் வேண்டும். நோய் நிலவும் இடத்தில் தெள்ளை ஒழிக்குமுன் எலியைக் கொல்லுதல் தீங்கு. இருப்பிடம் இழந்த தெள்ளு மனிதனையே நாடும் என்பதை லிஸ்ரனின் கினிப்பன்றிகள் காட்டியுள்ளன. தானியத்தைப் பாதுகாப்பாக மூடிவைத்தலும், குப்பையைத் தேங்கவிடாமையும், கிடங்குகளை எலி புகாவண்ணம் அமைத்தலும் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஒப்ப வேண்டியவையே. இலங்கையிற் பிளேக்கு ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும் 1994இல் சூரத்து நகரம் அடைந்த பீதியையும், 2017இல் மடகஸ்காரில் ஏறக்குறைய 2,400 பேரைப் பற்றி 200 பேர்வரையில் உயிர்கொண்ட நோயையும் மறத்தற்கில்லை.

அடுத்த ஆடிவேல் நாளிற் செட்டியார் தெருவில் நிற்கும்போது, அங்கே ஒரு காலத்தில் மடிந்த வணிகரையும் மூடை சுமந்த தொழிலாளரையும் ஒரு கணம் நினைவோமாக. அவர்களுக்கு நேர்ந்தது ஏன் என்பதை இந்நகரிலேயே இருந்து பொறுமையோடு வினவி விடை கண்ட ஆராய்ச்சியையும் நினைவோமாக. 'எல்லாந் தெள்ளுதானே' என்று கூறி ஒதுக்காது, 'எந்தத் தெள்ளு?' என்று கேட்டமையே அவ்வாராய்ச்சியின் சிறப்பு. நம் மாணவர்க்கு நாம் விட்டுச்செல்லத்தக்க செல்வம் அத்தகைய வினாவே.